உங்கள் காதில் விழுவதற்காக

அன்புள்ள அம்மா,

நான் மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். வயது 39. மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி 11 வருடம், ஒரு பெண் குழந்தை. பிப்ரவரி கடைசியில் கல்லூரி நண்பர்கள் நான்கு குடும்பமாக ஜவ்வாது மலைக்குப் போனோம். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒருவருடைய நிலத்தில் டென்ட் அடித்து இரண்டு இரவு தங்கினோம். ஆண்கள் டென்ட், விறகு வேலைகளைச் செய்தோம். பெண்கள் சமையலைப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது என் மனைவி தன் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நண்பனின் மனைவிக்குக் கடைசியில் கண்கூடக் கலங்கிவிட்டது. அந்தக் கதை எனக்குத் தெரியாது. 11 வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. வீட்டில் எங்கள் பேச்சு பால், தண்ணீர் கேன், ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக்கடன் தவணையோடு முடிந்துவிடும். திரும்பி வரும்போது தாம்பரம் தாண்டியதுமே பழைய மௌனம் வந்துவிட்டது. எது உண்மையான அவள்? அங்கே நடித்தாளா, இங்கே நடிக்கிறாளா? அடுத்த முறை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனால் சரியாகுமா? கவுன்சிலிங் போக வேண்டுமா? இந்த கேம்பிங்கெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா என்றுகூடத் தோன்றுகிறது.

கே.

அன்புள்ள கே.,

கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஆள் எதற்குத் தேவைப்படுகிறார் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பண்பாட்டுக் கேள்வியை விட்டுவிடுகிறேன். வண்டி கட்டிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போய், மரத்தடியில் கல்லைக் கூட்டிப் பொங்கிச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுந்து வந்தவர்களின் பேரன் நீங்கள். கவுன்சிலிங் போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதல் அரை மணி நேரமும் நீங்களேதான் பேசுவீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்த நெருப்பு. பிப்ரவரி கடைசியில் மலையில் புல் காய்ந்து கிடக்கும். அந்தச் சமயத்தில் தீ மூட்டியதை ஏதோ டீ போட்டது மாதிரி எழுதுகிறீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் சனி ஞாயிறுக்கு மலையேறப் போனவர்கள்தான். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நீங்கள் தீ மூட்டியது பட்டா நிலமாக இருக்கலாம், சுற்றிலும் கல் வைத்திருக்கலாம். படுக்கப் போகும் முன் தணலில் தண்ணீர் ஊற்றியது யார்? கடிதத்தில் இல்லை. அதையும் பெண்கள் பார்த்துக்கொண்டார்களோ என்னவோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் டென்ட் எத்தனை பேர் படுக்கிற அளவு, கார் எவ்வளவு மைலேஜ் கொடுத்தது, மலை ஏறும்போது எந்த வளைவில் யார் வீட்டுப் பையன் வாந்தி எடுத்தான் என்பது வரை எல்லாம் இருக்கிறது. அந்தக் கதை மட்டும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு வரி இல்லை. உங்கள் மனைவி சின்ன வயதில் என்ன செய்தார்? எந்த ஊரில்? கூட யார் இருந்தார்கள்? எதற்காக எல்லாரும் சிரித்தார்கள்? அத்தனை பேர் சிரித்த கதையில் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏன் கண் கலங்கியது? 11 வருடமாக உங்களிடம் சொல்லாததைச் சொல்லிவிட்டார் என்று இத்தனை பக்கம் துடித்திருக்கிறீர்கள். சொன்னபோது என்னதான் கேட்டீர்கள் தம்பி? எனக்குத் தெரிந்து, நீங்கள் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்த நொடியிலிருந்து 'இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை' என்று உங்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு கதை முழுதாகக் கண்முன்னால் நடந்து முடிந்திருக்கிறது, உங்களிடம் மிஞ்சியது அது உங்களுக்கு வரவில்லை என்ற கணக்கு மட்டும்தான். ஜவ்வாது மலை இருட்டை நம்பிக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வானத்துக்குக் கீழே உட்கார்ந்து பெண்டாட்டியின் சிரிப்பை உளவு பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அவர் அதை நண்பர்களுக்காகச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

இது ஒன்றும் புது உத்தி இல்லை. சங்க அகப்பாடல்களோடு, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று சொல்கிற துறைக்குறிப்பு ஒன்று வரும். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க, தோழி தலைவியிடம் சொல்லுவது போலச் சொன்னது என்று பல பாட்டில் பார்க்கலாம். சிறைப்புறம் என்பார்கள். அவன் நிற்பது தோழிக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி தலைவியிடம் பேசிக்கொண்டே போவாள். ஊர் வாய் சும்மா இல்லை, அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ராத்திரியில் அவன் வருகிற வழியில் யானை நடமாட்டம். அத்தனையும் அவனுக்குத்தான். நேருக்கு நேர் சொன்னால் ஒன்று கெஞ்சலாகிவிடும், இல்லை சண்டையாகிவிடும். அதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய கதை என்பீர்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு அதிகம் தேவைப்படுகிறது என்பது என் கட்சி.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில். நீளமான வீடு, நடுவே முற்றம், வரிசையாக அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடிபம்பு. அம்மாவுக்குக் கோபம் வந்தால் அப்பாவோடு பேச்சு நின்றுவிடும். "சாதம் எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு" என்று என் மூலமாகத் தகவல் போகும். அப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். இது ஒரு நாளைத் தாண்டினால் பின்கட்டுப் பாட்டி கிண்ணத்தோடு வருவார், உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வேண்டும் என்று. அவர் வீட்டில் மோர் இல்லாமலிருந்த நாளே கிடையாது. நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, "என்னடி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்பார். அம்மா ஆரம்பிப்பார். வளையலை அடகு வைத்தது, இன்னும் மீட்காதது, அப்பாவின் தங்கை பேசியது, அப்போது அப்பா வாயைத் திறக்காமல் இருந்தது. அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார், ஒரு பக்கம்கூடத் திருப்பமாட்டார். பாட்டி அவருக்கு ஒரு புத்திமதியும் சொல்லமாட்டார். கிளம்பும்போது, "கரண்ட் எப்பப்பா வரும்?" என்று அப்பாவைக் கேட்பார். அப்பா ஏதோ பதில் சொல்வார். அம்மா அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவார். அவ்வளவுதான், பேச்சு தொடங்கியாயிற்று. மோரை வாங்கிக்கொண்டு போனாரா என்பது எனக்கு நினைவில்லை.

கத்திரி வெயில் நாட்களில் எல்லாக் குடித்தனமும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடும். டென்ட் ஒன்றுதான் இல்லை. இருட்டில் எந்தப் பாயிலிருந்து குரல் வருகிறதென்று தெரியாது. கடல் காற்று வர ஆரம்பித்ததும் யாராவது பேசத் தொடங்குவார்கள். என் அம்மாவுக்கு அவ்வளவு நன்றாகக் கதை சொல்ல வரும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அப்பாவுக்கும் அங்கேதான் தெரிந்திருக்கும்.

அந்த வீடுகளைக் கொண்டாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விடியற்காலையில் கழிப்பறை வாசலில் வாளியோடு வரிசையில் நின்றவளுக்கு அந்த ஆசையெல்லாம் வராது. முன்னறையில் ஒரு பெண் புருஷனிடம் அடி வாங்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. மோருக்கு வருகிற பாட்டியும் தட்டவில்லை. தனி வீடு, தனிக் கதவு, தனித் தாழ்ப்பாள் என்று நாம் ஓடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஓடி வந்தது சரிதான்.

ஆனால் ஓடி வந்த இடத்தைப் பாருங்கள். கூடப் பிறந்த தம்பி வருவதென்றால்கூட வாட்ஸ்அப்பில் தேதி கேட்டுக்கொண்டு வருகிறான். வாசலில் காவலர் பெயர் கேட்டு, அது செயலியில் நமக்கு வந்து, நாம் அனுமதி கொடுத்தால்தான் லிஃப்ட் பக்கம் போக முடியும். மோர் வேண்டுமென்றால் ஒரு பையன் கொண்டுவந்து கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறான், முகம்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் காதில் விழ வேண்டியதை உங்கள் மனைவி யாரிடம் சொல்வார்? குழந்தையிடமா? 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் குடியிருப்பில் கரண்ட் இல்லாமல் எல்லாரும் மாடியில் சேர்ந்து சமைத்தோம். மேல்வீட்டுக் கணவனும் மனைவியும் ஒருவர் மேல் ஒருவர் எங்களிடம் புகார் சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தார்கள். எவ்வளவு நல்ல ஜோடி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு லிஃப்டில் பார்த்தால் பழையபடி ஒரு தலையசைப்பு.

இரண்டு பேர் மட்டும் போகலாமா என்று கேட்டீர்கள். போனால் வீட்டுக்கடன் தவணையைப் பற்றி மலை உச்சியில் உட்கார்ந்து பேசுவீர்கள். தாம்பரத்தில் வந்தது பழைய மௌனம் என்கிறீர்கள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நீங்கள் ஏதாவது கேட்பீர்கள் என்று காத்திருந்திருப்பார். வீடு வந்து சேரும்வரை நேரம் இருந்ததே, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம்.

நடிப்பா என்ற கேள்விக்கு, நற்றிணையில் 120ஆவது பாட்டு, மாங்குடி கிழார் பாடியது. தூணுக்குத் தூண் எருமைக் கன்று கட்டிய வீடு. மனைவி சமையலறையில் இருக்கிறாள். புகை பட்டுக் கண் கலங்க, நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கணவன் மேல் கோபத்தோடு வேலை செய்கிறாள். அவன் என்ன ஆசைப்படுகிறான் தெரியுமா? யாராவது விருந்தாளி வரட்டும், வந்தால் கோபத்தைக் காட்டமாட்டாள், சின்னப் பல் தெரியச் சிரிப்பாள், அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று. தொல்காப்பியமும் ஊடலில் நடுவே தூது நிற்கக்கூடிய 12 பேரை வரிசையாகச் சொல்லும்போது விருந்தினரைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பெண் விருந்தாளிக்கு முன்னால் சிரிப்பது பொய்யா? கோபமும் அவளுடையதுதான், சிரிப்பும் அவளுடையதுதான். எனக்கு எரிச்சலெல்லாம் அந்த ஆள் மேல். விருந்துக்கு ஏங்குகிற நேரத்தில் அடுப்பை ஊதிக் கொடுத்தால் என்ன? 'பெண்கள் சமையலைப் பார்த்துக்கொண்டார்கள்' என்ற உங்கள் வரியைப் படித்ததும் அவன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

மலைக்கு அடுத்த முறை மழைக்காலம் முடிந்த பிறகு போய்க்கொள்ளலாம். அதுவரை ஏன் காத்திருக்கிறீர்கள்? வருகிற ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று குடும்பத்தையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். காவலரிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள். வெளியே ஆர்டர் செய்ய வேண்டாம். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போதும், இரண்டையும் நீங்களே செய்யுங்கள். உங்கள் மனைவி ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். அடுப்படி வரை நன்றாகக் கேட்கும். அந்த நேரத்தில் மிக்சியை மட்டும் போட்டுவிடாதீர்கள்.