மாமனார் ஒத்திக்கு விட்ட வயல்: பணம் கொடுத்துத்தான் மீட்க வேண்டுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம். இந்தியப் பாஸ்போர்ட். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மனைவி இந்தோனேசியர், மத்திய ஜாவாவில் கெபுமென் பக்கம் ஒரு சிறு கிராமம். 2016ல் அங்கேயே நிக்காஹ் முடிந்து பதிவும் ஆகிவிட்டது. மனைவியும் மகளும் இப்போது இந்தோனேசியத் தீவான பாத்தாமில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாமனார் 2022ல் மவுத்தாகிவிட்டார். அவர் பெயரில் 100 உபின் (அந்தப் பக்கத்து நில அளவு) வயலும், 40 உபின் வீட்டு மனையும் உண்டு. வாரிசு என்றால் மாமியார், என் மனைவி, ஊரிலேயே இருக்கும் மச்சினன், இந்த மூவர்தான். வயலை மாமனார் 2014ல் பக்கத்து வீட்டுக்காரரிடம் 20 மில்லியன் ரூபியாவுக்கு ஒத்திக்கு விட்டிருந்தார். அந்த வயலை மச்சினனே வாரத்துக்கு உழுது, விளைச்சலில் பாதியை அவருக்கு அளக்கிறான். திருப்பிக் கேட்டால், தங்கம் விலை ஏறிவிட்டது, 60 மில்லியன் தந்தால்தான் விடுவேன் என்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா? அடுத்து, மனையில் தன் பங்கை எங்களுக்கு விற்க மச்சினன் தயார். பணம் என்னுடையது. பத்திரம் யார் பெயரில் போடுவது? மச்சினன் பெயரிலேயே வைத்துக்கொண்டு தனியாக ஒரு கடன் பத்திரம் எழுதிக்கொள் என்கிறார் பாத்தாம் நண்பர். கடைசியாக, ஒவ்வொரு தடவையும் நான் ஒரு மாதம் ஊரில் தங்கினால் ஏதாவது சட்டச் சிக்கல் வருமா?

பதில்: முதல் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. 60 மில்லியன் இல்லை, அந்த 20 மில்லியன்கூடக் கொடுக்க வேண்டாம்.

இந்தோனேசியாவில் விவசாய நில உச்சவரம்புக்காக 1960ல் 56 ஆம் எண் சட்டம் வந்தது. அதன் 7 ஆம் பிரிவு ஒத்தி நிலத்தைப் பற்றியது. ஒத்தி 7 ஆண்டுகளைத் தாண்டிவிட்டால், நிலத்தை வைத்திருப்பவர் வயலில் நிற்கும் பயிர் அறுவடையான ஒரு மாதத்துக்குள் அதை உடையவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மீட்புப் பணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. 7 ஆண்டு ஆகாத ஒத்தியையும் அறுவடை முடிந்ததும் மீட்கலாம், ஆனால் ஒரு கணக்குப்படி பணம் கட்ட வேண்டும். ஏழரையிலிருந்து கழிந்த ஆண்டுகளைக் கழித்து, ஏழால் வகுத்து, ஒத்தித் தொகையால் பெருக்க வேண்டும். 4 ஆண்டில் மீட்டிருந்தால் 20 மில்லியனுக்கு 10 மில்லியன் கட்டியிருப்பீர்கள். இந்தக் கணக்கில் தங்கத்தின் விலைக்கு இடமே இல்லை. 2014ல் விட்ட ஒத்திக்கு 2021லேயே கெடு முடிந்துவிட்டது.

ஏன் இப்படி ஒரு கடுமையான சட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கான பதில் உங்கள் மச்சினன் அளந்த நெல்லிலேயே இருக்கிறது. போகத்துக்குப் போகம் பாதி விளைச்சல் போனதைக் கூட்டிப் பாருங்கள். போட்ட முதல் ஏழு வருடத்தில் வட்டியோடு வந்துவிடும் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. சொந்த நிலத்திலேயே வாரக்குடியாக நிற்பது ஜாவா கிராமங்களில் புதிதில்லை. அதை ஒழிக்கத்தான் இந்தப் பிரிவு வந்தது.

ஆனால் சட்டம் தெரிந்துவிட்டது என்று வரும் போகத்தின் நெல்லை நிறுத்திவிடாதீர்கள். முதலில் 2014ல் கை மாறிய காகிதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 6,000 ரூபியா முத்திரை ஒட்டிய ஒரு ரசீதுதான் இருக்கும். அதில் காடாய், அதாவது ஒத்தி, என்று எழுதியிருந்தால் கவலை இல்லை. ஜுவால், அதாவது விற்பனை, என்று எழுதியிருந்தால் அவர் கிரயம் என்று சாதிப்பார். அப்போது யார் சாட்சி, இத்தனை வருடம் நிலவரி யார் பெயரில் கட்டப்பட்டது என்பதெல்லாம் பேசும். இடையில் மாமனார் கூடுதல் பணம் வாங்கினாரா என்பதையும் மாமியாரிடம் கேட்டு வையுங்கள். 2019ல் இன்னொரு 5 மில்லியன் வாங்கியிருந்தால், அது புது ஒத்தி, ஏழு வருடத்தை அங்கிருந்துதான் எண்ண வேண்டும் என்று எதிர்த் தரப்பு வாதாடும்.

காகிதம் சரியாக இருந்தால் மச்சினனும் மாமியாரும் கிராம அலுவலகத்துக்குப் போய், கிராமத் தலைவரை வைத்துப் பேச்சுவார்த்தை கேட்கட்டும். நீங்கள் முன்னால் நிற்க வேண்டாம். வெளிநாட்டு மருமகன் நிலத்தைப் பிடுங்க வந்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயன் இல்லை. அங்கே முடியாவிட்டால் கெபுமென் மாவட்ட நீதிமன்றம். சிறு தொகை வழக்குகளுக்கு இருக்கும் சுருக்க நடைமுறை நில உரிமைத் தகராறுகளுக்குப் பொருந்தாது, ஆகவே முழு வழக்காகத்தான் நடத்த வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் நினைத்தால், அவர் 5 மில்லியனுக்கு இறங்கி வருகிறபோது கொடுத்து முடிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டில் வாழப்போகிறவன் உங்கள் மச்சினன். அப்படிக் கொடுத்தாலும், எல்லா உரிமையும் தீர்ந்தது என்று இரண்டு சாட்சியோடு எழுதி வாங்க வேண்டும். இன்றைக்கு முத்திரை 10,000 ரூபியா.

சரி, மீட்ட வயல் யாருக்கு? நீங்கள் கேட்காத கேள்வி இது, ஆனால் மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. விவசாய நிலத்தின் சொந்தக்காரர் நிலம் இருக்கும் வட்டத்திலேயே, அவர்கள் கச்சமத்தான் என்பார்களே அங்கேயே, குடியிருக்க வேண்டும் என்று 1961ன் 224 ஆம் எண் அரசாணை சொல்கிறது. பக்கத்து வட்டம் என்றால் விலக்கு உண்டு. 1964ல் வந்த திருத்தம் வாரிசுகளையும் சேர்த்துக்கொண்டது. வெளியூர்க்காரருக்கு வயல் வாரிசாக வந்தால், உரியவர் இறந்த ஓராண்டுக்குள் உள்ளூர்க்காரருக்கு மாற்ற வேண்டும், இல்லை குடிபெயர்ந்து வர வேண்டும். உங்கள் மனைவியின் அடையாள அட்டையில் பாத்தாம் முகவரிதானே இருக்கிறது? அமலாக்கம் தளர்வாகத்தான் இருக்கிறது, நகரத்தில் உட்கார்ந்துகொண்டு வயல் வைத்திருப்பவர்கள் ஏராளம். அதற்காக, தெரிந்தே அந்த வரிசையில் போய் நிற்க வேண்டுமா? வீட்டு மனைக்கு இந்த விதி இல்லை.

அதனால் மச்சினனிடம் மனைப் பங்கை விலைக்கு வாங்கும் யோசனையை விடுங்கள். பாகப்பிரிவினையிலேயே வயல் அவனுக்கு, மனை உங்கள் மனைவிக்கு என்று முடியுங்கள். இஸ்லாமிய வாரிசுக் கணக்கில் மாமியாருக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. அதாவது மொத்தத்தை 24 ஆக்கினால் மாமியாருக்கு 3, மச்சினனுக்கு 14, உங்கள் மனைவிக்கு 7. (சொத்து கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது என்றால், முதலில் பாதி மாமியாருக்குப் போய், மீதிக்குத்தான் இந்தக் கணக்கு.) தத்தம் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு எல்லோரும் சம்மதித்து வேறு மாதிரி பிரித்துக்கொள்ளலாம் என்று 1991ல் வந்த இஸ்லாமியச் சட்டத் தொகுப்பின் 183 ஆம் பிரிவே அனுமதிக்கிறது. மீட்ட வயல் மச்சினனுக்கு, மாமியார் ஆயுள் வரை மனையிலுள்ள வீட்டில் இருப்பார் என்று எழுதினால் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். மாமியாரைப் பற்றிய அந்த வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்படிச் செய்வதில் உங்களுக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. 1974ன் திருமணச் சட்டப்படி கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது. ஆனால் வாரிசாக வந்தது வந்தவருக்கே. விலைக்கு வாங்கினால் அதில் பாதி உங்களுடையது ஆகிவிடும், உங்களுடையது ஆவதுதான் பிரச்சினையே. 1960ன் அடிப்படை நிலச் சட்டம் முழு உரிமையை, அதாவது ஹாக் மிலிக்கை, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான் தருகிறது. வெளிநாட்டவர் கையில் அது வாரிசாகவோ திருமணச் சொத்தின் கலப்பாலோ வந்துவிட்டால் ஓராண்டுக்குள் கைவிட வேண்டும், இல்லாவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும். வாங்கியே தீர வேண்டும் என்றால், அதற்கு முன்பே சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் திருமண ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு முன்புதான் எழுத முடியும் என்று இருந்ததை, அரசியலமைப்பு நீதிமன்றம் 2016ல் மாற்றிவிட்டது. கல்யாணமாகி எத்தனை வருடமானாலும் நோட்டாரிஸ் முன்னால் எழுதலாம்.

உங்கள் நண்பர் சொல்வது சுத்தமான பினாமி. கடன் பத்திரம், அதிகாரப் பத்திரம் என்று எத்தனை சுற்றினாலும், வெளிநாட்டவருக்கு மறைமுகமாக நிலத்தை மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது என்கிறது அந்த அடிப்படை நிலச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. பணம் யாருடையதாக இருந்தாலும் சான்றிதழில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர் என்று உச்ச நீதிமன்றமும் 2020ல் சுற்றறிக்கை விட்டது. மச்சினன் நல்லவன்தான், நாளைக்கு அவனுக்கும் வாரிசு வரும். வெளிநாட்டவருக்கென்று ஹாக் பாக்காய் என்ற பயன்பாட்டு உரிமை, 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30 என்று உண்டு. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள், கிராமத்து வீடு அந்தப் பக்கமே போகாது.

மனையில் உங்கள் பணத்தில் வீடு கட்டலாம், மனைவிக்குக் கட்டித் தருகிறோம் என்ற மனதோடு கட்டுங்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தை இருப்பதால் கணவர் பங்கு நாலில் ஒன்று. அந்தப் பங்கை ஓராண்டுக்குள் மகளுக்கு மாற்றிவிட்டால் போதும். தாய் இந்தோனேசியர் என்பதால் மகளும் பிறப்பாலேயே இந்தோனேசியக் குடிமகள்.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாமனார் பெயரில் கிராமப் பதிவேட்டின் லெட்டர் சி மட்டும்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது வரிப் பதிவு, உரிமைப் பத்திரம் அல்ல. 2021ன் 18 ஆம் எண் அரசாணை இப்படிப்பட்ட பழைய காகிதங்களுக்கு 5 ஆண்டு கெடு வைத்தது, அது 2026 பிப்ரவரி 2 வரை. அதற்குப் பிறகும் நிலம் பறிபோகாது. காகிதம் உரிமைக்குச் சாட்சியாக நிற்காமல், பதிவுக்கு ஒரு துப்பாக மட்டும் இருக்கும். வாரிசுச் சான்றை மூவரும் எழுதி, இரண்டு சாட்சியோடு கிராமத் தலைவர், வட்டத் தலைவர் கையெழுத்து வாங்க வேண்டும். பாகப்பிரிவினையை அதோடு சேர்த்து முடித்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள், நேராகத் தனிப்பெயரில் ஏறிவிடும். முதலில் மூவர் பெயரில் ஏற்றிவிட்டுப் பிறகு பிரித்தால் இரட்டைச் செலவு. கிராமத்தில் அரசின் மொத்தப் பதிவுத் திட்டமான பி.டி.எஸ்.எல். நடக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் ஜாவா, பாலிக்குக் கிராம அளவிலான செலவு 150,000 ரூபியா என்று 2017லேயே நிர்ணயித்துவிட்டார்கள், ஒரு மில்லியன் கேட்டால் ரசீது கேளுங்கள். சொத்து பெறுவோர் வரி அதிகபட்சம் 5 சதவீதம்தான், ஆனால் வாரிசுச் சொத்தில் குறைந்தது முதல் 300 மில்லியனுக்கு வரி இல்லை. 40 உபின் என்பது 560 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 14 சென்ட். கிராமத்தில் அநேகமாக வரியே வராது. குடும்பம் முழுவதும் கூடுவது நோன்புப் பெருநாளுக்குத்தான், அப்போதே பேசி முடித்துவிடலாம். கையெழுத்துக்கு மட்டும் மறுவாரம் வரை இருங்கள், பெருநாள் விடுமுறையில் நில அலுவலகம் திறக்காது.

இனி உங்கள் தங்கல். வந்திறங்கி எடுக்கும் விசா 500,000 ரூபியா, 30 நாள், ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். கெடு தாண்டினால் நாளுக்கு 1 மில்லியன் அபராதம், 60 நாளைத் தாண்டினால் நாடுகடத்தி மறுபடி நுழையத் தடை. இந்த விசாவில் ஊரில் கடை நடத்துவது, வயல் வேலையைப் பொறுப்பெடுத்துப் பார்ப்பது எதுவும் கூடாது. தங்கும் அனுமதியைத் தவறாகப் பயன்படுத்தினால் 5 ஆண்டு சிறை வரை போகும் குற்றம் அது. பாத்தாமுக்கும் கெபுமெனுக்கும் அடிக்கடி போய்வரும் உங்களுக்கு, மனைவி உத்தரவாதம் தரும் தற்காலிகக் குடியிருப்பு அனுமதிதான் சரி. கல்யாணமாகி 2 ஆண்டு தாண்டியதால் பிறகு 5 ஆண்டு நிரந்தர அனுமதிக்கும் போகலாம். இந்த இரண்டில் எது கையில் இருந்தாலும் குடும்பத்தைக் காப்பாற்ற வேலையோ தொழிலோ செய்யலாம் என்று 2011ன் குடியேற்றச் சட்டம் 61 ஆம் பிரிவு சொல்கிறது.

தெரு முனையில் விருந்தாளி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் என்று ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். அதை மதியுங்கள். ஊருக்குப் போன அன்றே மச்சினனோடு தெருத் தலைவரான பாக் ஆர்.டி. வீட்டுக்குப் போய், பாஸ்போர்ட், விசா, நிக்காஹ் புத்தகம் மூன்றின் நகலையும் கொடுத்துவிட்டு வாருங்கள். குடியேற்ற அலுவலகத்திலிருந்து யாராவது விசாரிக்க வந்தால் முதலில் கதவைத் தட்டுவது அவர் வீட்டில்தான்.