நீலப் படம் தண்ணீரில் வெளிறுவது ஏன்?

கேள்வி: உசிலம்பட்டிக்கு அருகே ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ரசாயனம் பூசிய தாளில் இலைகளை வைத்து, வெயிலில் காட்டி, கேமரா இல்லாமல் மாணவர்களுடன் சயனோடைப் படங்கள் எடுக்கிறோம். போர்த் தண்ணீரில் அலசியதும் நீலம் வெளிறிவிடுகிறது. ரசாயனத்தின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். 100 மி.லி. நீரில் 20 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், வேறொரு 100 மி.லி. நீரில் 8 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்று தனித்தனியே கரைத்து, பூசும்போது சம அளவில் கலந்தால் போதும். சந்தேகப்பட வேண்டியவை தண்ணீரும் வெயில் காட்டும் நேரமும்தான்.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து, ஃபெரிசயனைடுடன் கூடி, நீரில் கரையாத பிரஷ்ய நீலமாகத் தாளின் இழைகளில் தங்குகிறது. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இம்முறையில், அந்த நீலம் காரத்தைத் தாங்காது. சோப்பு நீர்கூட அதை வெளுத்துவிடும். வாளி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கும் போர்த் தண்ணீரிலும் காரத்தன்மை இருக்கக்கூடும்.

இதை உறுதி செய்துகொள்ள, ஒரே படத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் போர்த் தண்ணீரிலும் மறுபாதியைக் கேன் தண்ணீரிலும் 10 நிமிடம் இட்டுப் பாருங்கள். முதல் பாதி மட்டும் வெளிறினால், குறை தண்ணீரில்தான் இருக்கிறது. அப்படியானால் முதல் அலசலுக்கு ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழச் சாற்றை வடிகட்டிச் சேர்த்து, பிறகு மஞ்சள் கறை போகும்வரை வெறும் கேன் தண்ணீரில் அலசுங்கள். புளிப்புக்காகக் கழிவறை ஆசிட்டை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். வலிய அமிலம் ஃபெரிசயனைடுடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வாயு வெளிப்படலாம். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்தப் புட்டியே இருக்கக் கூடாது.

இரண்டு பாதிகளும் வெளிறி, அலசிய நீரும் நீலமாக ஓடினால், பெரும்பாலும் வெயில் போதவில்லை என்று பொருள். கடிகாரத்தை நம்பாமல் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு முதலில் நீலமாகும். ஆவலில் பிள்ளைகள் அப்போதே எடுத்துவிடுவார்கள். இலை மறைக்காத இடம் சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும்.

பறித்த இலை, அதன்மேல் அழுத்தி வைக்கும் கண்ணாடிக்கடியில் வியர்த்துக் கறை படுத்தும் என்பதால், முந்தின நாளே செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திவிடுங்கள். மல்லிகை மொட்டு தடிமனாக இருப்பதால் அதன் வெள்ளை உருவம் மட்டுமே விழும். முருங்கை இணுக்கு ஒவ்வொரு காம்பையும் தெளிவாகப் பதிக்கும்.

அலசிய உடனே தெரியும் நீலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; நிழலில் உலர்ந்து மறுநாள் பார்க்கும்போது அது இன்னும் அடர்ந்திருக்கும்.