பயணம், கவிதை, சமூகப் பிரச்சினை எல்லாவற்றையும் எழுதி ஃப்ரீலான்ஸராக வாழ முடியுமா?

முடியும். பதினோரு வருடமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்கள் வேலையை விடுகிற யோசனையில் இருக்கிறீர்கள் என்று படுகிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பணம். நீங்கள் மூன்றையும் ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள், ஆனால் வருமானத்தில் மூன்றும் ஒரே வரிசையில் நிற்காது. பயணக் கட்டுரை சில மாதம் வாடகையைப் பார்த்துக்கொள்ளும். சமூகப் பிரச்சினை பற்றிய கட்டுரை மூன்று மாத உழைப்பை வாங்கிக்கொண்டு மூன்று நாள் கூலியைத் தரும். கவிதையால் வீடு நடக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்கு வேறு எங்கோ சொத்து இருக்கிறது என்று அர்த்தம். உண்மையில் வீட்டை நடத்துவது நீங்கள் கேட்காத நான்காவது ஒன்று: பெயர் வராத எழுத்து. மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், யாரோ ஒருவரின் ஆண்டறிக்கை, யாரோ ஒருவரின் மேடைப் பேச்சு, வீடியோவுக்கு சப்டைட்டில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேலையை விடும்போது யாரும் இதைக் கற்பனை செய்து பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

அப்புறம், எழுதுகிற நேரத்தை விட எழுதியதற்குப் பணம் கேட்கிற நேரம் அதிகம். ஒரு பத்திரிகை எனக்கு ஏழு மாதம் கழித்துப் பணம் கொடுத்தது. அதற்குள் நான் ஆறு நினைவூட்டல் அனுப்பியிருந்தேன், ஆறாவதற்கு வந்த பதிலில் "உங்கள் இன்வாய்ஸ் கிடைக்கவில்லையே" என்றார்கள். அன்றிலிருந்து எடிட்டர் சரி சொன்னவுடன் நாலே வரியில் ஒரு மெயில் போட்டுவிடுவேன்: எத்தனை சொல், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், அவர்களே கேட்டு எழுதிய கட்டுரை கடைசியில் வெளிவராவிட்டால் எவ்வளவு. கடைசியாகச் சொன்னதற்கு கில் ஃபீ என்று பெயர், கேட்காதவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. உரிமையையும் கவனியுங்கள். 1886-ல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுத்துக்கான பதிப்புரிமை எழுதியவுடனேயே வந்துவிடுகிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதை நாம் இழப்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "எல்லா உரிமைகளும்" என்று இருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடும்போதுதான். பயணக் கட்டுரை எழுதுகிறவருக்கு இது முக்கியம், ஏனென்றால் ஒரே கட்டுரையைப் பின்னால் வேறு இடத்தில் மறுபதிப்புக்கும் தொகுப்புக்கும் கொடுக்க முடிந்தால்தான் அந்தப் பயணத்துக்கு ஆன செலவு ஈடாகும்.

சரி, பணக்கதை போதும். எனக்கு உண்மையிலேயே சிக்கலாக இருந்தது வேறு. இந்த மூன்று எழுத்துக்கும் உண்மையோடு உள்ள ஒப்பந்தம் வேறு வேறு என்பது எனக்குப் புரிய நாலைந்து வருடம் ஆனது, அதுவும் ஒருவரை வருத்தப்படுத்திய பிறகுதான்.

ஒரு பள்ளத்தாக்கின் அழகைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு இதழ் அனுப்பியிருந்தது. போன மூன்றாவது நாள்தான் கவனித்தேன், வீட்டுச் சுவர்களில் எல்லாம் பெயின்ட்டில் எண்கள். அணை வருகிறது, ஊர் தண்ணீருக்குள் போகப் போகிறது. ஒரு அம்மா தன் வீட்டு வாசற்கதவைப் பெயர்த்தெடுத்துக்கொண்டிருந்தார். புது இடத்தில் கொடுக்கிற வீட்டில் கதவு இருக்கும்தான், ஆனாலும் இது அவருடைய மாமனார் செய்த கதவு. இரண்டு நாள் அவரோடு பேசினேன். நிலம், இழப்பீடு, யாரிடம் மனு கொடுத்தார்கள் என்பதையெல்லாம் எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன், கொடுத்தார். கிளம்புகிற அன்று சாயங்காலம், சும்மா உட்கார்ந்திருந்தபோது, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராத மகனைப் பற்றியும் சொன்னார். அவன் ஒருநாள் வந்தால் ஊரே இருக்காதே என்பதுதான் அவர் கவலை.

அந்தப் பயணத்திலிருந்து மூன்று எழுத்து வந்தது. பயணக் கட்டுரையில் அணை பற்றிய இரண்டு பத்தியையும் வெட்டிவிட்டு மலைச்சரிவையும் மூடுபனியையும் மட்டும் போட்டார்கள். நான் சண்டை போடவில்லை, அந்த மாதம் எனக்குப் பணம் தேவைப்பட்டது. இழப்பீடு பற்றிய கட்டுரை எட்டு மாதம் கழித்து வேறு ஒரு இதழில் வந்தது, ஒவ்வொரு எண்ணையும் ஆவணத்தோடு சரிபார்த்த பிறகு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ராத்திரியில் எழுதிய கவிதை ஒன்று வெளிவந்து நன்றாகவே பரவியது. கதவைத் தலையில் சுமந்து போகிற தாய், அதைத் தட்ட வர வேண்டிய மகன். பெயரோ ஊரோ இல்லையே, கவிதைதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவருடைய உறவினர் யாரோ அடையாளம் கண்டுபிடித்துப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் போன் வந்தது. "கதவைப் பத்தி எழுதினது சரி தம்பி. என் மகனைப் பத்தி உங்கிட்ட சொன்னது எழுதறதுக்கா சொன்னேன்?"

பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கவிதையை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள், ஆனால் பரவியது பரவியதுதான்.

அதற்குப் பிறகு மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-ல் தன் சீடர் சோராவோடு வடக்கே ஐந்து மாதம் போல நடந்த பயணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உரைநடையும் ஹைக்கூவும் கலந்த அந்தச் சின்ன நூலை அவர் சில வருடம் திருத்திக்கொண்டே இருந்தார், 1694-ல் இறந்துபோனார், நூல் அச்சில் வந்தது 1702-ல். இதில் சுவாரசியம் என்னவென்றால் கூடவே போன சோராவும் நாட்குறிப்பு வைத்திருந்தார், அது 1943-ல் பதிப்பிக்கப்பட்டபோதுதான் பாஷோ சொன்ன தேதிகளும் சில சம்பவங்களும் இதோடு பொருந்தவில்லை என்று தெரியவந்தது. ஒரு விடுதியில் அடுத்த அறையில் தங்கிய தாசிப் பெண்களைப் பற்றி பாஷோ எழுதிய பகுதி பிரபலம். சோராவின் குறிப்பில் அவர்களே இல்லை. கவிஞருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இழப்பீடு பற்றிய கட்டுரையில் நான் அப்படி ஒரு ஆளைச் சேர்த்திருந்தால் மொத்தக் கட்டுரையும் செத்திருக்கும், அந்த ஊர்க்காரர்களின் மனுவும் சேர்ந்து.

இன்னொருவர் அமெரிக்கக் கவிஞர் முரியல் ருகைசர். மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற சுரங்கவழியை 1930 வாக்கில் சிலிக்கா பாறைக்குள் குடைந்தார்கள். முகமூடி இல்லாமல் அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் நுரையீரல் நோயால் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள். ருகைசர் 1936-ல், இருபத்திரண்டு வயதில், ஒரு புகைப்படக்காரத் தோழியோடு அங்கே போனார். 1938-ல் வந்த அவருடைய கவிதைத் தொடரில் நாடாளுமன்ற விசாரணையில் தொழிலாளர் குடும்பங்கள் சொன்ன சாட்சியமே கவிதை வரிகளாக நிற்கிறது. பயணம், கவிதை, சமூகப் பிரச்சினை மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நான் கவனித்தது என்னவென்றால், அந்தச் சாட்சியம் ஊரறியச் சொல்லப்பட்டது. திண்ணையில் சாயங்காலம் சொன்னதை எடுப்பது வேறு.

இப்போது நோட்டில் வலது பக்கம் சரிபார்க்க முடிந்தது மட்டும்: யார் சொன்னது, எப்போது, எதற்கு அனுமதி கொடுத்தார். இடது பக்கம் எனக்குத் தோன்றியது எல்லாம். இடது பக்கத்திலிருந்து கவிதைக்கு ஏதாவது போவதாக இருந்தால், அதில் இன்னொருவர் வாழ்க்கை இருந்தால், போன் பண்ணிப் படித்துக் காட்டிவிடுவேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒன்று நான் எழுதியதிலேயே நல்ல கவிதை என்று இன்னமும் நினைக்கிறேன், பெட்டிக்குள் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுதிகளும் சுற்றுலா நிறுவனங்களும் இலவசமாக அழைத்துப் போகும், போகலாம், ஆனால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த விடுதியில் வேலை செய்கிறவர்களின் கூலியைப் பற்றி அதே பயணத்தில் எழுதிவிடலாம் என்று கனவு காணாதீர்கள். அதேபோல ஒரு தொண்டு அமைப்பின் அறிக்கையைக் கூலிக்கு எழுதிக் கொடுத்தால் அந்த அமைப்பைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற தகுதி எனக்குப் போய்விடுகிறது. இதனால் நான் விட்ட வேலைகள் நிறைய, விடாமல் செய்து பிறகு சங்கடப்பட்டதும் உண்டு.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்களே. உடனே விடாதீர்கள். கைவசம் இருக்கிற விடுப்பில் ஒரு பயணம் போங்கள், உங்கள் செலவிலேயே. அதிலிருந்து மூன்றையும் எழுதி மூன்று வெவ்வேறு இடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பிய தேதியைக் குறித்துவைத்து, முதல் தொகை கையில் வர எத்தனை மாதம் ஆகிறது என்று எண்ணுங்கள். அத்தனை மாதச் செலவுக்கும், அதற்கு மேல் ஒரு மூன்று மாதத்துக்கும் சேமிப்பு வந்த பிறகு ராஜினாமா கடிதத்தை எழுதலாம்.