நட்சத்திரம் எந்தப் பக்கம்?

கேள்வி: மொழியியல் நூல்களில் சில சொற்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறது. பக்கத்தின் அடியில் தேடினால் குறிப்பு எதுவும் இல்லையே?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: அடிக்குறிப்பு நட்சத்திரம் சொல்லுக்குப் பின்னால் வரும். மொழியியலார் முன்னால் போடுவார்கள். அதற்கும் துறைக்கொரு பொருள்.

வரலாற்று மொழியியலில், 'ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்காதது, இனமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது' என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கைப் பரப்பியவர் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைகர். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. இவற்றுக்கு மூலமாகத் தருவது *கெவி. இகர எகரங்களுக்கு முன் வந்த ககரம் தமிழில் சகரமானது. (அடுத்து ட, ள போன்ற நாவளை ஒலி வந்தால் மாறவில்லை, கிளியும் கெடுவும் அப்படியே நிற்கின்றன.) இதை *கெவி > செவி என்று எழுதுவார்கள். இடையிலுள்ள குறியின் கூர்முனை எப்போதும் பிந்திய வடிவத்தைப் பார்க்கும். செவி வழக்கில் உள்ள சொல், அதற்கு நட்சத்திரம் கூடாது.

வாக்கிய ஆய்வில் அதே குறிக்கு 'தமிழ் பேசுவோர் இப்படிச் சொல்லமாட்டார்கள்' என்று பொருள்: *நான் அவன் பார்த்தேன். சரியா தவறா என்று ஐயமிருந்தால் நட்சத்திரத்துக்குப் பதில் கேள்விக்குறி.

அடைப்புக்குறியோடு வரும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். 'நான் அவன்*(-ஐ) பார்த்தேன்': நட்சத்திரம் வெளியே, ஆகவே அடைப்பில் உள்ளதை விட்டால் தவறு. '(*நாளை) அவனைப் பார்த்தேன்': நட்சத்திரம் உள்ளே, ஆகவே சேர்த்தால் தவறு. மெய்ப்புப் பார்ப்பவர் அழகு கருதி இடம் மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும்.

நட்சத்திரத்தைச் சொல்லோடு ஒட்டியே அடியுங்கள். வரித் தொடக்கத்தில் இடைவெளி விட்டால் வேர்ட் அதைப் பட்டியல் புள்ளியாக்கிவிடும்.

கேள்வி: 'வந்தான்' என்பதை உறுப்புகளாகப் பிரித்துத் தட்டச்சு செய்தால் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கிறது. ஏன்?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: இணைகோட்டுக்கு (-) பின் துணைக்காலைத் தனியே அடித்திருப்பீர்கள். அது மெய்யைச் சாராமல் நிற்காது. முழு உயிரெழுத்தை இடுங்கள்:

வந்-த்-ஆன்
வா-இறந்தகாலம்-படர்க்கை.ஒருமை.ஆண்பால்

சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அடியில் பொருள் எழுதுவதற்கான லைப்சிக் விதிகள்படி இரு வரியிலும் இணைகோட்டு எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும், இங்கே இரண்டிரண்டு. 'ஆன்' ஒன்றே மூன்று செய்தி சொல்வதால் அவற்றுக்கிடையே புள்ளி. 'அவனும்' என்பதில் உம் எந்தச் சொல்லோடும் ஒட்டும் இடைச்சொல்; அதற்குச் சமக்குறி: அவன்=உம். இரு வரிகளையும் நேராக நிறுத்த இடைவெளிப் பட்டையை நம்பாதீர்கள், எழுத்துரு மாறினால் கலைந்துவிடும். கோடில்லாத அட்டவணையில் உறுப்புக்கு ஒரு கட்டம் கொடுப்பதே பாதுகாப்பு.