அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தம்பி பிட்காயினாகப் பணம் அனுப்பினால் வரியும் ஃபெமாவும் தொடாதாமே, உண்மையா?

கேள்வியின் சுருக்கம் இது. (ஃபெமா என்பது வெளிநாட்டுப் பணம் வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்.) கேட்டவர் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறார். தம்பி டெக்சாஸில், போன வருடம் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான். "வங்கி வழியாக அனுப்பினால் ஆயிரம் கேள்வி, பிட்காயினாக உன் வாலட்டுக்குப் போட்டுவிடுகிறேன், ரெண்டு பேருமாகச் சேர்ந்து முதலீடு செய்யலாம், வரியும் கிடையாது, ஃபெமாவும் கிடையாது, யாருக்கும் தெரியாது" என்கிறானாம்.

தம்பி சொன்னதில் ஒன்றுகூட சரியில்லை. ஆனால் அவனைக் குறை சொல்ல மாட்டேன், 2017இல் நியூஜெர்சியில் நான்கு பேர் தங்கியிருந்த ஒரு வீட்டில் உட்கார்ந்து நானும் இதே வசனத்தைப் பேசியவன்தான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆடிட்டர் கிடையாது. அல்சூரில் பிறந்து வளர்ந்தவன், ஒன்பது வருடம் அமெரிக்காவில் எச்1பி விசாவில் வேலை பார்த்துவிட்டு 2021 ஆகஸ்டில் பெங்களூருக்கே திரும்பி வந்தவன். என் தம்பி அங்கேயே தங்கி குடியுரிமையும் வாங்கிவிட்டான். ஆக, ஒரே வீட்டில் இரண்டு நாட்டுச் சட்டமும் எங்களுக்கு அத்துப்படி, அதுவும் பெரும்பாலும் காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

எல்லாரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குடியுரிமை ஒரு கணக்கு, வருமான வரிக்கு நீங்கள் எங்கே வசிப்பவர் என்பது இன்னொரு கணக்கு, ஃபெமாவுக்கு எங்கே வசிப்பவர் என்பது மூன்றாவது கணக்கு. உங்கள் தம்பி அமெரிக்கக் குடிமகனாகப் பிரமாணம் எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது, நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவன் நாளைக்கே மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வேலைக்கு வந்துவிட்டால் இந்திய வருமான வரிக்காரர்கள் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்க்க மாட்டார்கள், இந்த நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தாய் என்றுதான் எண்ணுவார்கள். ஃபெமாவோ எதற்காக வந்தாய், வேலைக்கா, விருந்துக்கா என்று அதையும் பார்க்கும். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து "அவன்தான் சிட்டிசன் ஆயிட்டானே, அவனுக்கு என்ன" என்று சொல்வதிலிருந்துதான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்கிறது.

இந்த நாள் எண்ணும் விஷயத்தில் நான் பண்ணின அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அங்கே இருந்தபோது 2017இல் பிட்காயின் நாலாயிரம் டாலர் வாக்கில் இருந்த சமயம் ஆயிரம் டாலருக்குக் கால் பிட்காயின் வாங்கிப் போட்டிருந்தேன், ஒரு அமெரிக்க எக்ஸ்சேஞ்சில், அதாவது காயின் வாங்கி விற்கும் தளத்தில். திரும்பி வந்த பிறகும் அது அங்கேயே கிடந்தது. பல வருடம் வெளியே இருந்துவிட்டு வருகிறவர்களை இந்திய வரிச் சட்டம் உடனே முழு வசிப்பாளர் ஆக்குவதில்லை, இரண்டு மூன்று வருடம் போல ஒரு இடைநிலையில் வைத்திருக்கும், ஆர்என்ஓஆர் என்பார்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் விளைந்து, வெளிநாட்டிலேயே கைக்கு வரும் லாபத்துக்கு இங்கே வரி கிடையாது. எனக்கு அந்தச் சலுகை 2024 மார்ச் 31 வரைக்கும் இருந்தது. அமெரிக்காவிலும் அப்போது நான் வரி வசிப்பாளன் இல்லை, கிரீன் கார்டும் கிடையாது. 2024 மார்ச் நடுவில் பிட்காயின் 73 ஆயிரம் டாலரைத் தொட்டது. ஆடிட்டர் போன் போட்டு, "சார், விற்கிறதா இருந்தா இந்த மாசத்துக்குள்ள வித்துடுங்க" என்றார். நான்தான் மேதாவி ஆயிற்றே, லட்சம் டாலர் போகும் என்று காத்திருந்தேன். போகவும் போயிற்று, டிசம்பரில். விற்றேன்.

கணக்கைப் பாருங்கள். மார்ச்சில் விற்றிருந்தால் கால் பிட்காயினுக்கு 18,250 டாலர், இந்திய வரி ஒன்றும் கிடையாது. டிசம்பரில் 25,000 டாலர் வந்தது, அதில் லாபம் 24,000, அதற்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம், அதாவது 7,488 டாலர். மிச்சம் 17,512. விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியும் என் கைக்கு வந்தது குறைச்சல். என் மனைவி இதை இன்னும் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, உங்கள் தம்பி பக்கத்துக்கு வருவோம். எனக்காவது நாட்டை விட்டு வந்ததும் அமெரிக்க வரி விட்டுவிட்டது. குடிமகனை விடாது. அவன் பெங்களூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் உலக வருமானம் முழுக்க அமெரிக்காவில் காட்ட வேண்டும். அமெரிக்க வரித் துறை 2014லேயே கிரிப்டோவைச் சொத்து என்று சொல்லிவிட்டது, விற்றால் லாபத்துக்கு வரி, ஒரு காயினை இன்னொரு காயினாக மாற்றினாலும் வரி. வருடாந்திர வரிப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே டிஜிட்டல் சொத்து ஏதாவது விற்றாயா, மாற்றினாயா என்று ஆமாம் இல்லை கேள்வி இருக்கிறது, அதில் பொய் சொன்னால் கதை வேறு. குடியுரிமையைத் தூக்கிப் போட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை, இரண்டு மில்லியன் டாலருக்கு மேல் சொத்து இருந்தால் வெளியேறும்போது எல்லாவற்றையும் விற்றதாக வைத்து வரி கேட்பார்கள். ரோஜர் வேர் என்று ஒருவர், ஆரம்ப காலத்தில் பிட்காயின் ஜீசஸ் என்று பட்டப்பெயர் வாங்கியவர், 2014இல் செயின்ட் கிட்ஸ் தீவுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு முழுக்குப் போட்டார். போகும்போது கையிலிருந்த பிட்காயினைக் குறைத்துக் காட்டினார் என்று பத்து வருடம் கழித்து 2024இல் வழக்குப் போட்டு ஸ்பெயினில் பிடித்தார்கள், 2025இல் சுமார் 5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். உங்கள் தம்பி அவ்வளவு பெரிய ஆள் இல்லைதான், ஆனாலும் "யாருக்கும் தெரியாது" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

இப்போது உங்கள் திட்டம். அவன் காயினை உங்கள் வாலட்டுக்கு அனுப்புகிறான். அது பரிசு என்றால், கூடப் பிறந்த தம்பி வருமான வரிச் சட்டப்படி உறவினர், வாங்கியதற்கு உங்களுக்கு வரி இல்லை. (சித்தப்பா பையன் அனுப்பினால் கதை வேறு. நம் வீடுகளில் அவனும் தம்பிதான், கல்யாணப் பத்திரிகையில்கூட பேர் போடுவோம், ஆனால் சட்டத்தின் பட்டியலில் சித்தப்பா உண்டு, அவர் பையன் கிடையாது. வருடத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் முழுவதும் உங்கள் வருமானம்.) அங்கே உங்கள் தம்பியும் ஒருவருக்கு 2025 கணக்கில் 19,000 டாலருக்கு மேல் பரிசு கொடுத்தால் ஒரு படிவம் போட வேண்டும், பெரும்பாலும் வரி கட்ட வேண்டியிருக்காது. ஆனால் நீங்கள் சொல்வது பரிசு இல்லையே, சேர்ந்து முதலீடு. அங்கேதான் சிக்கல். எக்ஸ்சேஞ்ச் கணக்கு உங்கள் பெயரில், கேஒய்சி உங்களது, பான் உங்களது, விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ் உங்கள் கணக்கில்தான் ஏறும். இதில் பாதி தம்பியுடையது என்று வரித் துறையிடம் வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

2022 பட்ஜெட்டில் போட்ட விதி எவ்வளவு கொடுமை என்று விற்றுப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. எட்டு லட்சத்துக்கு ஈதர் என்ற காயினை வாங்கி பன்னிரண்டு லட்சத்துக்கு விற்கிறீர்கள், லாபம் நாலு லட்சம். அதே வருடம் வேறொரு காயினில் நாலு லட்சம் நஷ்டம். பங்குச் சந்தையாக இருந்தால் இதை அதில் கழித்துக்கொள்ளலாம். இங்கே கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகவும் முடியாது. கையில் ஒரு பைசா லாபம் இல்லாமல் 1,24,800 ரூபாய் வரி கட்டுவீர்கள். வாங்கின விலை தவிர வேறு செலவு எதையும் கழிக்க விடமாட்டார்கள், எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தைக்கூட. தம்பி என்ன விலைக்கு வாங்கினான் என்பதற்குக் காகிதம் இல்லையென்றால் அந்த வாங்கின விலையும் கேள்விக்குள்ளாகும்.

ஃபெமா பற்றி: வெளிநாட்டுப் பணம் உள்ளே வருவதற்கு அங்கீகாரம் பெற்ற வழி வங்கி வழி. காயின் அனுப்புவதை ரிசர்வ் வங்கி அப்படி ஒரு வழியாக ஏற்றுக்கொள்ளவில்லை. 2021 ஜூனில் அமலாக்கத் துறை ஒரு பெரிய இந்திய எக்ஸ்சேஞ்சுக்கே 2,790 கோடி ரூபாய் பரிவர்த்தனை தொடர்பாக ஃபெமா நோட்டீஸ் அனுப்பியது, காயின்கள் வெளியே போவதற்கும் உள்ளே வருவதற்கும் சரியான ஆவணம் இல்லை என்று. லாபத்தில் தம்பி பங்கைத் திருப்பி அனுப்ப நினைத்தாலும் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரம்புள்ள எல்ஆர்எஸ், அதாவது இங்கே வசிப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வழியில்தான் போக வேண்டும், 10 லட்சம் ரூபாய் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரியை முதலில் பிடித்துக்கொண்டு அப்புறம் வரிக் கணக்கில் சரிக்கட்டுவார்கள். வெளிநாட்டில் கிரிப்டோ வாங்க இதே வழியில் பணம் அனுப்பலாமா என்றால், அதற்காக இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் வங்கிகள் உண்டு.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் விற்கும் இடத்தில். மாரத்தஹள்ளியில் என் பழைய ரூம்மேட் ஒருவன், அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய யூஎஸ்டிடியை (டாலர் மதிப்போடு கட்டிய காயின்) டிடிஎஸ் எல்லாம் எதற்கு என்று ஒரு ஆளிடம் நேரடியாக, பி2பி என்பார்களே அப்படி, விற்றான். பணம் ஐந்து நிமிடத்தில் வந்தது. இரண்டு வாரம் கழித்து சம்பளக் கணக்கு முடங்கியது. வாங்கினவன் அனுப்பிய பணம் வேறு மாநிலத்தில் யாரோ ஒரு அம்மாவை ஏமாற்றி எடுத்த பணம், அந்த அம்மா சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்து புகார் கொடுத்திருக்கிறார், பணம் போன பாதையில் இருந்த கணக்குகளை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டு வாடகை, கடன் தவணை எல்லாம் அந்தக் கணக்கில். வங்கியில் கேட்டால் போலீஸைக் கேள் என்கிறார்கள், அந்த ஊர் போலீஸுக்கு இவன் மெயில் மேல் மெயில் போட்டான், பதில் இல்லை. கடைசியில் நேரில் போய் வாக்குமூலம் கொடுத்து நாலு மாதத்தில் மீட்டான். அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை, யாரிடம் விற்கிறோம் என்று தெரியாமல் விற்றது தவிர. அந்த நாலு மாதமும் சாப்பாட்டுச் செலவுக்கு என்னிடம்தான் வாங்கினான், யூபிஐயில் அனுப்ப முடியாது, ரொக்கமாக.

சட்டப்படி காயின் வைத்திருப்பதே தப்பா என்றால், கிடையாது. 2018 ஏப்ரலில் கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளைத் தடுத்தது, அந்த வருடம்தான் நம் ஊரில் பழைய ஏர்போர்ட் ரோடு மாலில் பிட்காயின் ஏடிஎம் ஒன்று வைத்த சூட்டோடு போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இப்போது வாங்கலாம், விற்கலாம், வரி கட்டலாம். 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டதால் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்யாமல் இங்கே நடத்த முடியாது. பதிவு செய்யாத வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றை 2024 ஜனவரியில் முடக்கவே செய்தார்கள். கிரிப்டோ கணக்கு விவரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் 2027இலிருந்து ஆரம்பிக்கிறது, இந்தியாவும் அதில் சேர ஒப்புக்கொண்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், தம்பி உங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா, டாலராக வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள், அதற்கான சான்றை வாங்கி ஃபைலில் போடுங்கள். கிரிப்டோ வேண்டுமா, அவன் பெயரில் அவன் அங்கே வாங்கட்டும், உங்கள் சம்பளத்தில் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய அளவுக்கு நீங்கள் இங்கே பதிவான ஒரு எக்ஸ்சேஞ்சில் வாங்குங்கள். அவன் என்றைக்காவது இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணத்தில் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் இரண்டு நாட்டு ஆடிட்டரையும் ஒரே அழைப்பில் உட்கார வையுங்கள். குடிமகனாக அங்கேயும் வசிப்பாளனாக இங்கேயும் வரி வரும், எந்த வரியை எதில் கழிக்க விடுவார்கள் என்பதைக் காயின் விஷயத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்துதான் சொல்ல முடியும். இங்கே இரவு எட்டு மணிக்கு வையுங்கள், டெக்சாஸில் அப்போது காலைதான். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், ஃபீஸ் கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று.