தனி ஆவர்த்தனத்தில் எழுந்துவிடாதீர்கள்

கேள்வி: வேலை கிடைத்து சென்னைக்கு வந்திருக்கிறேன். இந்த மார்கழியில் ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரிக்காவது போக ஆசை. ஆனால் ராகம், தாளம் எதுவும் தெரியாது, எங்கே கைதட்டுவது என்றுகூடத் தெரியாது. போகலாமா?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: தாராளமாகப் போங்கள். முதலிலேயே டிக்கெட் வாங்கி ராத்திரிக் கச்சேரியில் மூன்று மணி நேரம் நெளிய வேண்டாம். மதியக் கச்சேரிக்குப் போங்கள். கச்சேரி நடத்தும் பல சபாக்களில் அது இலவசம். பாடுகிறவர்களும் இளம் வயதுக்காரர்கள், உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். பட்டுப்புடவையெல்லாம் அவசியமில்லை, ஏசி குளிருக்கு ஒரு சால்வை இருந்தால் போதும்.

ராகம் தெரியாவிட்டால் கையைப் பாருங்கள். பாடகர் தொடையில் ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரலில் ஆரம்பித்து மூன்று விரல் எண்ணுவார், பிறகு தட்டி ஒரு வீச்சு, மறுபடி தட்டி ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. அதுதான் ஆதி தாளம். முன்வரிசை மாமிகளும் அதையேதான் போடுவார்கள், நீங்களும் மடியில் மெதுவாகப் போட்டுப் பாருங்கள், நாலாவது சுற்றில் பிடிபட்டுவிடும். தப்பினால் யாரும் கேட்கப் போவதில்லை.

கைதட்டலா? ராக ஆலாபனையை, அதாவது பாட்டுக்கு முன்னால் வரிகளும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவதை, பாடகர் முடித்ததும், அதே ராகத்தை வயலின்காரர் வாசித்து முடித்ததும், பாட்டு முடிந்ததும். சந்தேகமாக இருந்தால் பக்கத்து சீட்டுக்காரருக்கு அரை விநாடி பின்னால் தட்டுங்கள், நான் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

வர்ணம் என்ற தொடக்க உருப்படி, சின்னப் பாட்டுகள் என்று ஆரம்பித்து நடுவில் விரிவாகப் பாடும் ஒரு பெரிய உருப்படி, கடைசியில் துக்கடா என்னும் லேசான பாட்டுகள், முடிவில் மங்களம் என்று போகும் இந்த வரிசையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். அந்தப் பெரிய உருப்படியின் கடைசிப் பகுதியில், பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விடுவார்கள், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும். பாதி சபா அப்போதுதான் கேன்டீனுக்குக் கிளம்பும். முதல் கச்சேரியில் நானும் போண்டாவுக்கு ஓடியவன்தான், இன்றும் அதில் வெட்கம் உண்டு. நீங்கள் உட்காருங்கள். கடமோ கஞ்சிராவோ கூட இருந்தால் மிருதங்கமும் அதுவும் மாறி மாறி வாசித்து, ஒவ்வொருவர் முறையின் நீளத்தையும் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கோர்வை என்னும் முடிப்பு அமைப்பை மூன்று தடவை வாசிப்பார்கள். மூன்றாவது தடவை முடியும் இடத்தில், இவ்வளவு நேரம் சும்மா தாளம் போட்டுக்கொண்டிருந்த பாடகர் விட்ட வரியைச் சரியாக எடுப்பார் பாருங்கள்! அதற்கு ராகமெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

வெளியே போயே ஆக வேண்டுமென்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் முன் எழுந்திருங்கள். போண்டா அதற்குள் தீர்ந்தாலும் காபி கிடைக்கும்.