வெளுக்கும் கடல்பாசிக்கு யூரியா கட்டலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில் சம்பைக் கரையில் மகளிர் குழுவாகச் சேர்ந்து 20 மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் பாசி வளர்க்கிறோம். பங்குனி பாதி வரை நன்றாக வந்தது. இப்போது கரும்பழுப்பு நிறம் போய் மஞ்சளாக வெளுக்கிறது, எடை ஏறவில்லை. சில கொத்துகளில் கணு வெள்ளையாகி ஒடிந்து விழுகிறது. வயலுக்கு வாங்கிய யூரியாவைத் துணியில் முடிந்து மிதவையில் கட்டினால் சரியாகும் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. யூரியா கரைந்து அடுத்த அலையோடு போய்விடும். போகிற வழியில் அதை முதலில் பிடித்துக்கொள்வது உங்கள் பாசியாக இருக்காது. கயிற்றில் சடைசடையாகத் தொற்றுகிற மெல்லிய பச்சைப் பாசிதான் பிடிக்கும். தாள் போல மெலிந்ததற்கு உடம்பு முழுக்க வாய். கப்பாபைகஸ் தடித்த தண்டு, மெதுவாகத்தான் உறிஞ்சும். ஆக, காசு போட்டுக் களை வளர்த்த கதையாகிவிடும்.

நீங்கள் எழுதியதில் இரண்டு தொல்லைகள் கலந்திருக்கின்றன. கொத்து முழுக்க ஒரே சீராக மஞ்சளடித்து, தண்டு விறைப்பாகவே இருந்தால் அது தழைச்சத்துப் பசி, அதாவது நைட்ரஜன் பற்றாக்குறை. கணுவில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை ஏறி, விரல் பட்டதும் கழன்று வந்தால் அது ஐஸ்-ஐஸ் நோய். வெயிலில் தண்ணீர் சூடேறி, ஓட்டமும் நின்று, பாசி துவண்ட நேரத்தில் பாக்டீரியா புகுந்து அரிக்கிற வேலை அது. 2013, 2014 வாக்கில் இந்தப் பக்கம் பாசி கொத்துக் கொத்தாக அழிந்ததை உங்கள் குழுவில் மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அதற்கு எந்த உரமும் மருந்தல்ல. வெள்ளை விழுந்த மிதவையை அறுவடைக்கான 45 நாள் ஆகட்டும் என்று விட்டுவைக்காமல் உடனே அறுத்து, நல்லதை மட்டும் காயப்போடுங்கள். அழுகலைக் கடலிலேயே உதறாமல் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனி பசிக்கு வருவோம். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடம்பில் 106 பங்கு கார்பனுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்று அணுக்கணக்கில் ஒரு விகிதம் அமைந்திருப்பதை ஆராய்ந்து சொன்னவர் ஆல்பிரெட் ரெட்பீல்டு என்ற அமெரிக்கக் கடல் விஞ்ஞானி. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிக்கான கணக்கு அது. தரையில் வேரூன்றும் கடற்புல், பெரிய பாசி இவற்றுக்கு அட்கின்சன், ஸ்மித் என்ற இருவர் 1983-இல் பார்த்தபோது 550-க்கு 30-க்கு 1 என்று வந்தது. அதாவது, நம் பாசிக்குக் கார்பனை ஒப்பிட்டால் உரத்தேவை குறைவு. உடம்பில் பெரும்பகுதி மாவுச்சத்து வகைதானே, நீங்கள் விற்கிற பாசியிலிருந்து எடுக்கிற கராஜீனன் என்ற கூழே அதுதான். ஒரு மிதவை ஒரு போகத்தில் எடுக்கிற நைட்ரஜன் சில நூறு கிராம் அளவே இருக்கும். அதை ஒரே நாளில் மூட்டையாகக் கொட்டினால் பயனில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் கிடைக்க வேண்டும். கொண்டுவந்து கொடுப்பது நீரோட்டம்.

தண்டைச் சுற்றி மெல்லிய ஒரு அடுக்குத் தண்ணீர் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலுள்ள சத்தைப் பாசி தின்று தீர்த்ததும், வெளித் தண்ணீர் வந்து மாற்றினால்தான் அடுத்த வாய் கிடைக்கும். பந்தியில் இலை போட்டாயிற்று, பரிமாறுகிறவர் வரவில்லை என்ற நிலை. வாடைக்காற்று அடங்கி, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பிடிப்பதற்கு முந்திய இந்த நாட்களில் வடகடல் என்கிற பாக் விரிகுடா குளம் போலக் கிடக்கிறது. உங்கள் பசிக்கு முக்கால்வாசிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

சந்தேகம் தீர ஒன்று பாருங்கள். ஒரே மிதவையில் ஓரக் கயிற்றின் பாசியையும் நடுக் கயிற்றின் பாசியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓரம் கருத்து, நடு வெளுத்திருந்தால் குறை ஓட்டத்தில்தான். அப்போது மிதவைகளை இடைவெளி விட்டுத் தள்ளி, கொஞ்சம் ஆழமான, ஓட்டமுள்ள இடத்துக்கு நங்கூரத்தை மாற்றுங்கள். தினமும் கயிற்றை உலுக்கிச் சேற்றையும் பச்சைச் சடையையும் நீக்குங்கள். 12-க்கு 12 அடி மிதவைக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம், ஆக 60 கிலோ விதை. விதை கூடுதலாகக் கட்டினால் மகசூல் கூடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் உள்ள ஆசை. நடுக் கயிறு பட்டினி கிடப்பது அதனால்தான்.

உரமே கொடுத்துப் பார்க்க ஆசையா? முனைக்காட்டில் மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல்விரால் கூண்டைச் சுற்றி 16 மிதவைகள் கட்டினார்கள். மீன் கழிவிலிருந்து அமோனியா மெல்ல மெல்லக் கசிய, கூண்டு இல்லாத மிதவைகளைவிடப் பாசி நன்றாக எடை ஏறியது. பக்கத்தில் யாராவது கூண்டு வைத்திருந்தால் பேசிப் பாருங்கள்.

அப்புறம், லேசாக வெளுத்ததற்கெல்லாம் பதறாதீர்கள். 1970-களில் கனடாவில் வேறொரு செம்பாசியில் கண்டது இது: நைட்ரஜன் ஏறினால் பாசி வேகமாக வளரும், கராஜீனன் கூழ் குறையும், பட்டினி போட்டால் கூழ் சேரும். மஞ்சளடித்த பாசி அறுவடைக்குப் போகலாம், ஆனால் விதைக்கு வேண்டாம். விதைக்குக் கருத்த இளநுனிகளையே ஒடித்து வையுங்கள்.

முதலில் இரண்டு மிதவைகளை மட்டும் இடம் மாற்றி, மற்றதை இருந்த இடத்திலேயே விடுங்கள். பத்து நாளில் நிறம் சொல்லிவிடும். அதன் பிறகு எல்லாவற்றையும் மாற்றலாமா என்று எழுதிக் கேளுங்கள்.